சிவபாதம் அண்ணையின் பெயர்ப்பட்டியல்

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்து, காசு போடும் மேசை லாச்சிக்குச் சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி அடித்தது. சிவபாதம் அண்ணையின் மனைவி பரமேசு அக்கா. அவர் எனக்குத் தொலைபேசி எடுத்ததே கிடையாது. "தம்பி, இவர் இன்னும் எழும்பேல்லை" என்றார். "பரவாயில்லை அக்கா, ஆறுதலா எழும்பி வரட்டும். கடை எங்கை ஓடப்போகுது?" என்றேன். "எழும்பமாட்டார் தம்பி" என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி என்பது அவருடைய நேரம். மருதனார்மடம் சந்தியில் உள்ள என் கடையின் பின்னறையில் அவருடைய பழைய கணினி இன்னமும் இருக்கிறது. சட்டைப்பையிலிருந்து மின் நாட்குறிப்புக் கருவியான தன் கையடக்க ஓகனைசரை எடுத்து, அதற்குரிய தாங்கியில் நிறுத்தி, கிழமை முழுவதும் அதில் எழுதியதைக் கணினிக்குள் பிரதி எடுத்துவிட்டு, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போவார். மழை, ஊரடங்கு, பெற்றோல் தட்டுப்பாடு எதற்கும் அது தவறியதில்லை. அன்றைக்கும் அவருக்கான கதிரையைத் துடைத்து வைத்திருந்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். கடையில் வேலை என்று தட்டிக் கழித்தேன். எழுதியிருந்தால் பண்பாளர், அமைதியானவர், பலருக்கும் உதவியவர் என்று எழுதியிருப்பேன். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த மலரைக் கையில் வாங்கிய அன்று பின்னேரம் நடந்த காரியம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. இதை வாசிக்கிறவர்களில் பலர் அவரிடம் குரல் பதிந்த கசெற் கொடுத்தவர்கள். உங்கள் வீட்டுக் குரல்களுக்கு என்ன நடந்தது என்று நீங்கள் அறியவேண்டும். அவற்றின் பெயர்களை அழித்தவன் நான்.

சிவபாதம் அண்ணை காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். போரில் தொழிற்சாலையும் போய், ஊரும் போய், மருதனார்மடத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். றேடியோ திருத்தினார், கசெற் பிரதி பண்ணினார். நான் அந்த நாளில் சைக்கிள் கரியரில் பெட்டி கட்டி ரோச் பற்றரி விற்றுக்கொண்டிருந்தேன். என்னை முதன்முதல் 'முதலாளி' என்று கூப்பிட்டவர் அவர்தான். அது மரியாதையில் சொன்னதல்ல, பகிடி. எனக்குச் சொந்தமாகக் கடை வந்த பிறகும் அதே தொனியில்தான் கூப்பிட்டார். மற்றவர்கள் கூப்பிடும்போது வராத ஒரு வெட்கம் அவர் கூப்பிட்டால் வரும்.

அந்த ஓகனைசர் டென்மார்க்கில் இருக்கும் அவருடைய மைத்துனர் கொண்டுவந்து கொடுத்தது. உள்ளங்கை அளவு கருவி. ஒரு சிறிய குச்சியால் கண்ணாடியில் எழுதவேண்டும். முகவரி, நாட்குறிப்பு, குறிப்பேடு எல்லாம் அதற்குள் இருக்கும். பக்கத்தில் மெமறி காட் செருகினால் பாட்டும் கேட்கும். அவர் என் கடைக்கு முதன்முதலாக மெமறி காட் கேட்டு வந்தபோது நான் விலையைச் சொன்னேன். "உந்த விலைக்கு உதுக்குள்ளை பாட்டும் போட்டுத் தருவீரோ?" என்றார். "பாட்டு உங்கடை பாடு அண்ணை" என்றேன். அன்றைக்குத்தான் பழக்கம் சிநேகிதமாகியது.

கோயில் திருவிழாக்களில் அவரே ஒலிப்பதிவு செய்த நாதஸ்வரம், தவில் கச்சேரிச் சமாக்கள், கலியாண வீட்டு மேளம், தேவாரம். முதலில் இவற்றைத்தான் கசெற்றிலிருந்து கணினிக்கு மாற்றி மெமறி காட்டில் ஏற்றினார். பிறகு சனம் தங்கள் கசெற்றுகளைக் கொண்டுவரத் தொடங்கியது. கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் கதைத்து அனுப்பிய காலம் ஒன்று இங்கே இருந்தது என்று இளம் ஆட்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் கதைத்தார்கள். கொழும்பில் விடுதிகளில் தங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்த பெடியள் அம்மாவுக்குக் கதைத்தார்கள். நாடா பூஞ்சணம் பிடித்து, அறுந்து, கசெற் ஓடும் பெட்டி பழுதாகி, ஒவ்வொரு வீட்டிலும் கேட்கமுடியாத குரல் ஒன்று கிடந்தது. அவர் நாடாவைத் துடைத்து, ஒட்டி, மெல்ல ஓட்டி, கோப்பாக மாற்றினார். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். நான்கு மெமறி காட்கள். ஒரு தைலக் குப்பியின் தகர டப்பிக்குள் பஞ்சு வைத்து அடுக்கி வைத்திருந்தார்.

அவர் கெட்டித்தனத்தை நான் முதலில் மதித்தது ஒரு கலியாண வீட்டில். மேளகாரரின் வான் வழியில் நின்றுவிட்டது. முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நிமிடம். பெண்ணின் தகப்பன் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார், ஐயர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். சிவபாதம் அண்ணை பந்தியில் போட்ட இலைக்கு முன்னால் இருந்து எழும்பி வந்தார். ஓகனைசரிலிருந்து ஒலிபெருக்கிக்கு ஒரு வயரைக் கொழுவினார், குச்சியால் இரண்டு தட்டுத் தட்டினார். ஐயர் கையை உயர்த்திய அந்தக் கணத்தில் கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. தாமதமாக வந்த மேளகாரர் வாசலில் நின்று, "ஆர் இது வாசிக்கிறது? நல்லா இருக்கே!" என்று கேட்டார். "நீங்கள்தான். போன வரியம் மாவிட்டபுரத் திருவிழாவிலை" என்றார் சிவபாதம் அண்ணை.

பிறகு நான் கேட்டேன். "அண்ணை, எப்பிடி அவ்வளவு கெதியா எடுத்தனீங்கள்?"

"நம்பர் நாப்பத்தொண்டு. பட்டியலிலை கிடக்கு. வைச்சிருக்கிறது பெரிய வேலை இல்லை முதலாளி. தேடினவுடனை எடுக்கவேணும். எடுக்க ஏலாட்டி அது இல்லாததுதான்."

அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்லவேண்டும். மெமறி காட்டில் இருந்த எந்தக் கோப்புக்கும் பெயர் கிடையாது. 001, 002 என்று எண் மட்டும். எந்த எண் யாருடைய குரல், எந்த ஊர், யார் கொண்டுவந்தார்கள், யாருக்குக் கேட்கக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்ற விபரம் எல்லாம் ஓகனைசரின் குறிப்பேட்டில், கடவுச்சொல் போட்டு, தனியாக இருந்தது. களஞ்சியத்தில் வேலை செய்த பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். அது அல்ல. சோதனைச் சாவடிக் காலத்தில் ஒருநாள் அவருடைய பையில் இருந்த கசெற்றில் 'செல்வம்' என்று எழுதியிருந்தது. பரமேசு அக்காவின் ஒன்றுவிட்ட தம்பியின் கலியாணக் கசெற். எந்தச் செல்வம், எங்கே இருக்கிறான் என்று ஆமிக்காரர் அரைநாள் வெயிலில் நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். அன்றிலிருந்து அவர் கசெற் எதிலும் பெயர் எழுதவில்லை.

"பேரும் குரலும் ஒரே இடத்திலை பிடிபடக் கூடாது" என்பார்.

சாவடிகள் எல்லாம் எடுபட்டு எவ்வளவோ காலத்துக்குப் பிறகு ஒருநாள் நான் சொன்னேன். "அண்ணை, இனி ஆர் வந்து மறிக்கப்போறான்? மெமறி காட்டிலையே பேரைப் போட்டு விடுங்கோவன்."

"நீர் கடையைப் பூட்டிப்போட்டு ஏன் மூண்டுதரம் இழுத்துப் பாக்கிறீர்?"

"அது கள்ளனுக்கு."

"உங்கை ஒருக்காலாவது கள்ளன் வந்தவனோ?"

"இல்லை."

"அப்ப கதையாதையும்."

நல்ல ஸ்மாட்போன் ஒன்றுக்கு மாறச் சொல்லியும் பார்த்தேன். வாங்கின விலைக்கே தருகிறேன் என்றேன். "நீர் வாங்கின விலை எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறீர்" என்றார். அந்தக் கருவிக்கு ஒரு பலவீனம் இருந்தது. அதை அவரே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். பற்றரி அடியோடு இறங்கினால் அதன் ஞாபகம் முழுவதும் போய்விடும். மெமறி காட்டில் இருப்பது இருக்கும். கருவிக்குள் எழுதியது போய்விடும். ஆகவே ஒவ்வொரு நாளும் காலையில் பல் தீட்டப் போகுமுன் அதைச் சாச்சில் போடுவார். பட்டியலை மூன்று இடத்தில் வைத்திருந்தார். ஒன்று அவருடைய சட்டைப்பையில். மற்றது என் கடைக் கணினியில். மூன்றாவது, மாதம் ஒருமுறை ஒரு சீடியில் எழுதி, பழைய கடித உறையில் போட்டு என்னிடம் தருவார். நான் அதை என் வீட்டு அலுமாரியில் வைக்கவேண்டும். "கொப்பி வேற வீட்டிலை நித்திரை கொள்ளவேணும்" என்பது அவர் கணக்கு. காங்கேசன்துறை வீட்டில் கசெற்றும் கசெற்றின் பிரதியும் ஒரே அறையில் இருந்தன. திரும்பிப் போய்ப் பார்த்தபோது அறை இல்லை.

இனி நான் என் முதல் பிழையைச் சொல்லவேண்டும். என் வீட்டு வளவில் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறேன். குலை பழுக்கும் நேரம் கிளித் தொல்லை. வெயிலில் மின்னும் சீடிகளைக் கட்டித் தொங்கவிட்டால் கிளி வராது என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். அலுமாரியைத் துப்புரவாக்கியபோது கடித உறைகளுக்குள் இருபது முப்பது சீடி கிடந்தது. பழைய படச் சீடி என்று நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். உண்மை என்னவென்றால், நான் உறையைத் திறந்தும் பார்த்தேன். பழைய பட்டியல்தானே, புதியது கணினியில் இருக்கிறது, இது இடத்தை அடைக்கிறது என்று கணக்குப் போட்டேன். நைலோன் நூலில் கோத்துத் தொங்கவிட்டேன். கடைசியாகத் தந்ததும் அதற்குள் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரைச் சாப்பிட அழைத்திருந்தேன். சாப்பாட்டுக்கு முன் பந்தலுக்குக் கீழே உலாவினார். தலைக்கு மேல் சுழன்றுகொண்டிருந்த ஒன்றை எட்டிப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். தன்னுடைய கையெழுத்தை அவருக்குத் தெரியாதா? அவர் அதை மெல்ல விட்டார். அது திரும்பவும் சுழன்றது.

"இனிக் கிளிக்குத் தெரியும் ஆர் ஆரெண்டு" என்றார்.

"அண்ணை, பிழையாப் போச்சு. புதிசா ஒண்டு எழுதித் தாங்கோ. இந்தமுறை இரும்புப் பெட்டிக்குள்ளை வைக்கிறன்."

"ஓம், ஓம். வாரும், சோறு ஆறப்போகுது."

அதற்குப் பிறகு அவர் எனக்கு ஒரு சீடியும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. கோபித்துக்கொண்டாரா, என்னை நம்பிப் பயனில்லை என்று விட்டுவிட்டாரா, தெரியாது. வெள்ளிக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. பகிடி விடுவதை நிறுத்தவில்லை. மூன்று இடம் இரண்டாகியது. எனக்கு ஒரு தொல்லை குறைந்தது என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தேன்.

கசெற் தந்தவர்களில் ஒருவரை மட்டும் இங்கே சொல்கிறேன். கீரிமலைப் பக்கத்தைச் சேர்ந்த இராசமணியம்மா. அவருடைய ஒரே மகன் கொழும்பில் தங்கி வெளிநாடு போகக் காத்திருந்தவன். ஒரு கசெற்றில் கதைத்து, ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. கேட்டுக் கேட்டு அந்த நாடா அறுந்தது. சிவபாதம் அண்ணை ஒட்டிக் கோப்பாக்கினார். ஒரு சின்னப் பாட்டுப்பெட்டியில் போட்டுத் தருகிறேன், வீட்டில் வைத்துக் கேளுங்கோ என்று சொன்னார். இராசமணியம்மா மறுத்துவிட்டார். "வீட்டிலை வைச்சா ஒவ்வொரு நாளும் கேப்பன். தேஞ்சுபோடுவான்" என்றாராம். கோப்பு தேயாது என்று சொல்லியும் நம்பவில்லை. ஒருமுறை அறுந்ததைக் கண்டவர். மகனின் பிறந்த நட்சத்திரம் வரும் நாளில், வருடம் ஒருமுறை, பஸ் ஏறி சிவபாதம் அண்ணையின் வீட்டுக்கு வருவார். சிவபாதம் அண்ணை பட்டியலைப் பார்த்து, மெமறி காட்டைச் செருகி, குரலைப் போட்டுவிட்டு வெளியே போய் நிற்பார். நான் ஒருமுறை அங்கே போயிருந்தபோது கண்டேன். "நீங்களும் உள்ளுக்கை இருங்கோவன் அண்ணை, பாவம் தனிய" என்றேன். "அது அவையள் ரெண்டுபேரின்ரை கதை" என்றார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று செத்தவீட்டுக்குப் போனேன். படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு. அருகில் அவருடைய மூக்குக் கண்ணாடி, மணிக்கூடு, வெற்றிலைப் பெட்டி, அந்த ஓகனைசர், தைல டப்பி. ஓகனைசரின் மூலையில் ஒரு சிவப்பு வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. பற்றரி இறங்குகிறது என்பதற்கு அடையாளம். முப்பது வருடம் பற்றரி விற்றவனுக்கு அது தெரியாதா?

"அக்கா, உதை ஒருக்கால் சாச் பண்ணவேணும்" என்றேன்.

"முப்பத்தொண்டிலை அந்தியேட்டி முடியட்டும் தம்பி. அதுமட்டும் அவரின்ரை சாமான் ஒண்டையும் அசைக்கக் கூடாதெண்டு ஐயர் சொல்லிப்போட்டார்."

சுற்றிவர இனசனம் இருந்தது. செத்தவீட்டில் வந்து ஒரு வியாபாரி சாமானைப் பற்றிக் கதைக்கிறான் என்று இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. விலை பேசுகையில் ஒருநாளும் வராத கூச்சம், அன்றைக்குப் பார்த்து வந்தது. வற்புறுத்தியிருந்தால் பரமேசு அக்கா விட்டிருப்பார். ஒரு வயரை அந்த இடத்திலேயே கொழுவியிருந்தால் கருவியை அசைக்கவே தேவையில்லை. இது எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் உதித்தது. உதித்த பிறகும் போகவில்லை. எப்படியும் கடைக் கணினியில் இருக்கிறதுதானே என்று இருந்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் கிரியை முடித்து, வீட்டில் படைத்து, மலர் கொடுத்தார்கள். பின்னேரம் பரமேசு அக்கா ஓகனைசரையும் டப்பியையும் என் கையில் தந்தார். "உங்களுக்குத்தான் உதின்ரை பாசை தெரியும்" என்றார். கருவி கட்டையாகக் கிடந்தது. நேரே கடைக்குக் கொண்டுவந்து தாங்கியில் நிறுத்தினேன். அரை மணித்தியாலத்தில் உயிர் வந்தது. கடையில் புதிதாக வாங்கிய கருவி கேட்கிற மாதிரி என்ன மொழி, என்ன திகதி என்று கேட்டது. குறிப்பேட்டைத் திறந்தேன். ஒன்றுமில்லை. எதிர்பார்த்ததுதான். இனிக் கணினியில் இருப்பதைக் கருவிக்குள் ஏற்றினால் சரி. தாங்கியில் ஒரே ஒரு பொத்தான். அவர் வெள்ளிக்கிழமை தோறும் அமத்துகிற அதே பொத்தான்.

அமத்தினேன். யாருடைய கருவி என்று கணினி கேட்டது. அது காட்டியதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அவருடைய பெயர். அதைத் தெரிவுசெய்தேன். கோடு ஓடி முடிந்தது.

எனக்குத் தெரியாமல் இருந்தது இதுதான். அவர் எழுதுவது எப்போதும் கருவியில். கணினி வெறும் பிரதி. ஆகவே கருவியில் இருப்பதே சரி, கணினியில் வேறுவிதமாக இருந்தால் அதை அழித்து எழுது என்று அவர் நிரந்தரமாக வைத்திருந்தார். கருவியில் ஒன்றும் இல்லை. கணினி சொன்னபடி செய்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு பெயரையும் அழித்து, ஒன்றுமில்லை என்பதை அதன் இடத்தில் எழுதி வைத்தது. "அமத்த முதல் எந்தப் பக்கம் நிறைஞ்சு கிடக்கெண்டு பாக்கவேணும்" என்று அவர் பிளேன்ரீயை ஆற்றிக்கொண்டே சொன்னது எனக்கு அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் நான் யாரோ ஒருவருக்குச் சாஜர் விற்றுக்கொண்டிருந்திருப்பேன்.

கணினியின் வன்தட்டைக் கழற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனேன். மீட்கமுடியாது என்றார்கள். பந்தலில் மிஞ்சியிருந்த இரண்டு சீடிகளையும் ஏணி வைத்துக் கழற்றினேன். வெயிலும் மழையும் குடித்துக் கண்ணாடியாகிவிட்டன. ஒரு பக்கம் பார்த்தால் மறுபக்கம் தெரிந்தது.

பரமேசு அக்காவிடம் போய்ச் சொன்னேன். "நான்தானே சாச் பண்ண விடேல்லை" என்றார். "இல்லை அக்கா, அமத்தினது நான்" என்றேன். அதற்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அவர் தேநீர் போட எழும்பினார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

குரல்கள் போகவில்லை. நான்கு மெமறி காட்டிலும் எல்லாம் இருக்கின்றன. அதுதான் இன்னும் கொடுமை. ஒன்றிலிருந்து தொடங்கிக் கேட்டேன். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் சிவபாதம் அண்ணை தன் குரலில் ஏதோ சொல்லியிருந்தார். பெயரைச் சொல்லியிருப்பார் என்று ஒலியைக் கூட்டினேன். "நம்பர் ஒண்டு" என்றார். அவ்வளவுதான். பிறகு நாதஸ்வரம். மேளச் சமாக்கள் முடிந்து சனத்தின் குரல்கள் தொடங்கும் கோப்பிலும் எண்தான். பிறகு யாரோ ஒரு தகப்பன் தோட்டத்து வெங்காயம் அழுகிப்போனதைச் சொல்லத் தொடங்கினார். அடுத்ததிலும் எண்தான். ஒரு பெண் பிள்ளை தேவாரம் பாடியது. கதைக்கிறவர்களும் பெயர் சொல்வதில்லை. அந்தக் கசெற்றுகளும் சாவடிகளைத் தாண்டித்தான் போய்வந்தன. தம்பி, பிள்ளை, அம்மா, உங்கை, இஞ்சை, அவர், உவன். எல்லா வீடும் ஒரே வீடு மாதிரி.

இந்த மூன்று மாதத்தில் பத்தொன்பது பேர் வந்து கேட்டுத் தங்கள் வீட்டுக் குரலை அடையாளம் கண்டார்கள். பத்தொன்பது. மற்றவர்கள் வெளிநாட்டில், அல்லது செத்துவிட்டார்கள், அல்லது கசெற் கொடுத்ததையே மறந்துவிட்டார்கள். இதை வாசிப்பவர்கள் வாருங்கள். வெள்ளிக்கிழமை பத்து மணி தொடக்கம் பின்னறை திறந்திருக்கும். ஆனால் நான் பெரிய நம்பிக்கை எதையும் விற்கமாட்டேன். பூஞ்சணம் பிடித்த நாடாவிலிருந்து வந்த குரல், தன்னுடைய சொந்தத்தை விட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதை நான் இராசமணியம்மாவிடம் கண்டேன்.

அவர் இந்த வருடமும் மகனின் நட்சத்திர நாளுக்கு வந்தார். சிவபாதம் அண்ணை செத்தது அவருக்குத் தெரியாது. பரமேசு அக்கா கூட்டிக்கொண்டு வந்து என் கடையில் விட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முழுவதும் விளங்கியதோ தெரியாது. "அவன் இருக்கிறான்தானே உதுக்குள்ளை?" என்று மட்டும் கேட்டார். "இருக்கிறான் அம்மா. எதிலை எண்டுதான் தெரியேல்லை" என்றேன். கொழும்பு விடுதிகளிலிருந்து பெடியள் கதைக்கிற கோப்புகளை நான் முன்பே பிரித்து வைத்திருந்தேன். முப்பத்தாறு. அம்மா நான் சுகம், சாப்பாடு பரவாயில்லை, ஏஜென்சிக்காரன் அடுத்த கிழமை எண்டுறான், நீங்கள் யோசிக்காதையுங்கோ. முப்பத்தாறிலும் இதுதான்.

முதல் நாள் இருநூற்றுப் பன்னிரண்டாவது கோப்பில் கையை உயர்த்தினார். "இவன்தான்" என்றார். அழுதார். நான் எண்ணைக் குறித்துக்கொண்டேன். அடுத்தநாள் காலை கடை திறக்க முதல் வாசலில் நின்றார். "தம்பி, மிச்சத்தையும் ஒருக்காப் போடு. நேற்று ஆசையிலை சொல்லிப்போட்டன் போலை கிடக்கு." அன்று முந்நூற்று நாற்பத்தொன்பது. "இதுதான் என்ரை பிள்ளை. இந்தச் செருமல் அவன்ரை." மூன்றாம் நாள் ஐந்நூற்று ஏழு. அன்று அழவில்லை.

"மூண்டும் அவன் மாதிரித்தான் இருக்கு. வரியத்திலை ஒருநாள் கேட்டனான்தானே. சிவபாதம் போட்டுவிட்டா, அவன்தான் எண்டு கேப்பன்." என்னைப் பார்த்தார். "நீ எல்லாத்தையும் கேட்டனி. நீ சொல்லு, எது?"

உறுதியாகச் சொல்லத் தெரிந்ததால் உயர்ந்தவன் நான். பற்றரி இரண்டு வருடம் உழைக்குமா என்று கேட்டால் மூன்று வருடம் என்பேன், கேட்டவர் நிம்மதியாகப் போவார். முந்நூற்று நாற்பத்தொன்பது அம்மா, பட்டியலிலை நான் கண்டது நினைவிருக்கு என்று ஒரு வசனம் சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். அந்த முந்நூற்று நாற்பத்தொன்பதுக்கும் ஒரு தாய் எங்கேயோ இருப்பாள், அவளும் ஒருநாள் இந்தக் கதிரையில் வந்து இருப்பாள் என்ற எண்ணம் வந்தது.

"தெரியாது அம்மா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "சிவபாதம் எண்டாச் சொல்லியிருப்பான்" என்றார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பப் போனவர் திரும்பவும் இருந்தார். "அவன்ரையை ஒருக்காப் போடு."

"ஆரின்ரையை அம்மா?"

"சிவபாதத்தின்ரையை. முன்னுக்கு நம்பர் சொல்லுறானே. அது எனக்கு வடிவாத் தெரியும்."

போட்டேன். "நம்பர் இருநூற்றிப் பன்ரண்டு" என்றார் சிவபாதம் அண்ணை. பெடியன் கதைக்கத் தொடங்குமுன் நிறுத்தினேன். "ஓம், அவன்தான்" என்றார் இராசமணியம்மா. அடுத்ததையும் போட்டேன். "ஓம், அவன்தான்." அதற்கடுத்தது. "ஓம்."

சிவபாதம் அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அறுநூற்றுப் பன்னிரண்டு தடவை அவருடைய குரல் என்னிடம் இருக்கிறது. யாருடையது என்று யாரும் சந்தேகப்படமுடியாத ஒரே குரல் அது. அறுநூற்றுப் பன்னிரண்டு தடவையும் மிகத் தெளிவாக, ஆறுதலாக, எண்ணைச் சொல்கிறார். ஒரு தடவைகூடப் பெயரைச் சொல்லவில்லை.